ஜன்னலுக்கு ஒரு புரொஜக்டர்

"பதினோராவது கடை," என்றான் கமா, ஸ்டியரிங்கில் தாளம் போட்டபடி. "இதுலயும் இல்லைன்னா பன்னெண்டாவது கடையை நானே தொறந்துடறேன், டீச்சர். காலையிலருந்து லென்ஸ், லாம்ப்னு படிச்ச படிப்பு வீணாப் போக வேண்டாம் பாருங்க, போர்டுல என்ன எழுதலாம்னு கூட யோசிச்சு வெச்சிருக்கேன், அதாவது..."

"இறங்கு," என்றார் டீச்சர்.

டீச்சர் பதினெட்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் தமிழ் இலக்கணம் நடத்தியவர். ஒரு நாள் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுத் துப்பறியும் ஆபீஸ் திறந்தார். தொழில் மாறியது, பெயர் மாறவில்லை. போலீஸ்காரர்கள்கூட டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். உதவியாளனுக்குக் கமா என்று பெயர் வைத்தவரும் அவர்தான். முப்பத்து நான்கு வயதுக்காரன், முன்பு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்ப் புகார்களைத் தோண்டிக்கொண்டிருந்தவன். பேச ஆரம்பித்தால் முற்றுப்புள்ளி வைக்கத் தெரியாது.

டீச்சரின் மடியில் ஒரு சின்ன புரொஜக்டர் இருந்தது. தடிமனான அகராதி அளவு. அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை யாரோ நகத்தால் சுரண்டி எடுத்திருந்தார்கள். எஞ்சிய அடையாளம் ஒன்றுதான். லென்ஸ் மூடி தொலைந்துவிடாமல் இருக்க, அதை ஒரு பச்சை நைலான் நூலால் பெட்டியோடு சேர்த்து இரட்டை முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தது. எந்தக் கம்பெனியும் அப்படிக் கட்டி அனுப்புவதில்லை. எந்தக் கடைக்காரனோ கட்டியது. அந்தக் கடையைத்தான் காலை ஒன்பது மணியிலிருந்து தேடுகிறார்கள்.

ஒன்பது மணிக்கு ஆபீஸில் வந்து உட்கார்ந்தவர் ஒரு பூட்டு வியாபாரி. வெள்ளைச் சட்டை, மெல்லிய குரல், இடுப்பில் சாவிக்கொத்து. மனைவியைக் காணோம் என்றார். வியாபார விஷயமாக ஐந்து நாள் வெளியூர் கிளம்பியவர், வேலை சீக்கிரம் முடிந்ததால் மூன்றாம் நாளே, அதாவது நேற்று மாலை, திரும்பிவிட்டாராம். வீட்டுக்கு எதிரே காரை நிறுத்தினார். மாடி ஜன்னலில், மெல்லிய வெள்ளைத் திரைக்குப் பின்னால், வழக்கம்போல மனைவியின் நிழல் உட்கார்ந்திருந்தது. காரிலேயே ஒரு மணி நேரம் இருந்து பார்த்தார். நிழல் கையைத் தூக்கிக் கூந்தலை முடிந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அதேபோல முடிந்தது. மூன்றாவது முறை, அதே கை, அதே சாய்வு.

உள்ளே போனபோது வாசலில் பூட்டிய பூட்டு பூட்டியபடியே இருந்தது. மாடி அறையில் மனைவி இல்லை. ஸ்டூலின் மேல் இந்தப் புரொஜக்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, திரையின் மேல் அவளுடைய நிழலை விழவைத்தபடி. பின்பக்க மதில் சுவரில், உள்பக்கமாக, ஓர் ஏணி சாத்தியிருந்தது. ஜன்னலைக் கவனிக்கச் சொல்லியிருந்த எதிர் வீட்டுத் தையல்காரரும் மூன்று மாலையும் ஜன்னலில் அவளைப் பார்த்ததாகச் சொன்னார். அப்படியானால் அவளைக் கொண்டுபோய் மூன்று நாள் ஆகியிருக்கலாம். மூன்று நாளில் என்ன வேண்டுமானாலும் நடக்கலாம்.

"போலீஸுக்குப் போனா மானம் போயிடும்," என்றார் பூட்டு வியாபாரி. "நீங்க அவளைக் கண்டுபிடிச்சுக் குடுங்க. மத்ததை நான் பாத்துக்கறேன். உங்க ஸ்கூட்டர்ல அலைய வேண்டாம், என் வண்டியை எடுத்துக்குங்க."

அந்த வண்டியிலிருந்துதான் இப்போது இறங்கினார்கள். வானம் மூட்டம் போட்டு, மதியம் ஒன்றரை மணிக்கே தெரு மங்கிக் கிடந்தது. தெருக்கோடியில் ஒரு கண் மருத்துவமனையின் நீலப் பலகை தெரிந்தது.

"பூட்டுக்காரரோட மனைவி அங்கதானே வேலை பாத்தாங்க, மூக்குக்கண்ணாடிக்கு அளவெடுக்கற வேலை," என்றான் கமா. "அப்போ கூட வேலை பாக்கற எவனோதான். எவ்வளவு நிதானம் பாருங்க அவனுக்கு. ஒரு பொம்பளையைக் கடத்தணும்னா ஆளுங்க கயிறு வாங்குவாங்க, மயக்க மருந்து வாங்குவாங்க, இவன் போய் புரொஜக்டர் வாங்கியிருக்கான்."

டீச்சருக்கும் அந்த நிதானம்தான் பயமாக இருந்தது. ஆத்திரத்தில் செய்பவன் எதையாவது விட்டுவிட்டுப் போவான். ஒரு பெண்ணின் நிழலை வைத்து அவள் இல்லாததை மறைக்கத் தெரிந்தவன் அவளை என்ன செய்திருப்பான் என்று அவர் நினைத்துப் பார்க்க விரும்பவில்லை.

கமாவின் போன் அடித்தது. பூட்டு வியாபாரி. காலையிலிருந்து ஐந்தாவது முறை.

"எங்க இருக்கீங்க?"

"தேடிட்டே இருக்கோம் சார், கெடைச்சா மொத போன் உங்களுக்குத்தான் சார்," என்று கமா வைத்துவிட்டான். "பாவம், மனுஷன் தவிச்சுப் போயிருக்காரு."

கடைக்குள் பாதி விளக்குதான் எரிந்தது. படம் காட்டும் கடையில் வெளிச்சம் ஆகாது. இரண்டு பக்கமும் அலமாரிகளில் புரொஜக்டர்கள், கோடியில் மங்கல் கண்ணாடி போட்ட ஒரு கதவு. அந்தக் கதவுக்குப் பின்னால் ஒரு மனித நிழல் குனிந்து நிமிர்ந்தது. கமா ஒரு அலமாரியைத் தொட்டுக் காட்டினான். வாய் திறக்கவில்லை. அவன் வாய் திறக்காத சந்தர்ப்பங்கள் குறைவு.

எல்லா லென்ஸ் மூடியிலும் பச்சை நூல் கட்டியிருந்தது. இரட்டை முடிச்சு.

கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு விற்பனையாளர் வந்தார். ஐம்பது வயது இருக்கும், சட்டைப் பையில் பென்சில், கையில் அதே பச்சை நூல்கண்டு. "வாங்க, வாங்க. வீட்டுக்கா, ஆபீஸுக்கா?"

"ரெண்டுக்கும் இல்ல. இதைப் பத்தித் தெரிஞ்சுக்க வந்தோம்," என்று டீச்சர் புரொஜக்டரை மேஜை மேல் வைத்தார்.

விற்பனையாளர் முடிச்சைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். "நம்ம கட்டு. மூடி தொலைஞ்சுட்டா லென்ஸ் கீறிடும், கஸ்டமர் நம்மளைத்தான் திட்டுவாங்க. உள்ள வாங்க, முதலாளி சாப்பிடப் போயிருக்காரு, நிதானமாப் பேசலாம். என்னை லூமென்ஸ்னு கூப்பிடுங்க, எல்லாரும் அப்படித்தான் கூப்பிடறாங்க. வெளிச்சத்தை அளக்கற கணக்கு அது. நாள் முழுக்க அதையே பேசிப் பேசி பேரே அதாயிடுச்சு."

மங்கல் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது டெமோ அறை. மூன்று சுவர்களுக்குக் கறுப்பு அடித்திருந்தது, நான்காவது வெள்ளை. அதுதான் திரை. பின்பக்கம் சரக்கு அறைக்கு ஒரு சின்னக் கதவு. வெள்ளைச் சுவரின் வலது ஓரத்தில் பொடிப் பொடியாகப் பென்சில் எழுத்துகள்.

"அது என்ன?" என்றார் டீச்சர்.

"சர்வீஸுக்குப் போன் பண்றவங்க நம்பர். நோட்டுல எழுதினா நோட்டு தொலையுது. பென்சில்ல எழுதினா படம் விழுறப்ப தெரியாது, முதலாளிக்கும் தெரியாது. தெரிஞ்சா தொலைச்சுடுவாரு."

"சரி. இதை வாங்கின ஆளு ஞாபகம் இருக்கா?"

"மறக்குமா?" என்று லூமென்ஸ் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். "இருபத்திரண்டு வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். வர்றவங்க மூணு கேள்விதான் கேப்பாங்க. படம் எவ்வளவு பெருசா விழும், எவ்வளவு பளிச்சுன்னு இருக்கும், விலை எவ்வளவு. நேத்து ஒரு டியூஷன் சென்டர் சார் வந்தாரு. பகல்லயே பளிச்சுன்னு தெரியணும்னாரு. பெருசா ஒண்ணை எடுத்துட்டுப் போயிட்டாரு. அதுக்கு முந்தின நாள் ஒரு டாக்டர் வந்தாரு, வீட்டுல பந்தாட்டம் பாக்கணும்னு. அவருக்கும் அதே கேள்விதான்."

"இந்த ஆளு?"

"இவங்க வந்து நின்னாங்க. வழக்கம்போல வீட்டுக்கா ஆபீஸுக்கான்னு கேட்டேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, 'ஒரு ஜன்னலுக்கு'ன்னு சொன்னாங்க."

கமா எழுதிக்கொண்டிருந்த கையை நிறுத்தினான்.

"நான் ஏதோ கடை விளம்பரம்னு நெனச்சேன்," என்றார் லூமென்ஸ். "பளிச்சுன்னு ஒண்ணை எடுத்துக் காட்டினேன். இதைவிட மங்கலா இருக்கான்னு கேட்டாங்க. இன்னொண்ணு காட்டினேன். இன்னும் மங்கலா வேணும்னாங்க. வெளிச்சம் கம்மியா வேணும்னு கேட்ட கஸ்டமரை நான் வாழ்க்கையில அன்னிக்குத்தான் பாத்தேன்."

"ஏன்னா பளிச்சுன்னு இருந்தா அது படம், மங்கலா இருந்தாத்தான் நிழல்," என்று முணுமுணுத்தான் கமா.

"அப்புறம் விசிறிச் சத்தம். மெஷின் சூடாகாம இருக்க உள்ள ஒரு விசிறி ஓடும். தெருவுல நிக்கிறவங்களுக்குக் கேக்குமான்னு கேட்டாங்க. மெஷினுக்கும் திரைக்கும் மூணடிதான் இடம் இருக்கு, அதுக்குள்ள ஆளு உயரத்துக்குப் படம் விழணும்னாங்க. திரைக்குப் பின்னாலருந்து போட்டா இடது வலது மாறிடுமே, அதைத் திருப்பிப் போட வசதி இருக்கான்னாங்க. எனக்கே ஆச்சரியம். அதை யாரும் கேக்க மாட்டாங்க. லென்ஸைப் பத்தி நல்லாத் தெரிஞ்சவங்க."

"எத்தனை தடவை வந்தது?"

"மூணு தடவை. எப்பவும் ஒண்ணு பத்துக்கு வருவாங்க, ஒண்ணே முக்காலுக்குக் கடிகாரத்தைப் பாத்துட்டு ஓடுவாங்க. மூணாவது தடவை கையில இருந்த சாப்பாட்டுப் பையைத் தொறந்து, 'இதுக்குள்ள அடங்குறது எது'ன்னு கேட்டாங்க. ஒவ்வொண்ணா வெச்சுப் பாத்து, இது அடங்கிச்சு. எடுத்துட்டாங்க. அட்டைப் பெட்டி வேண்டாம்னு இங்கயே விட்டுட்டுப் போயிட்டாங்க."

"பாக்க எப்படி?" என்றான் கமா.

"டெமோ ரூம் இருட்டுல என்னத்தைப் பாக்கறது? கண்ணாடி போட்டிருந்தாங்க. தன்மையாப் பேசினாங்க. கதவை மட்டும் திரும்பித் திரும்பிப் பாத்துட்டே இருந்தாங்க."

"பாக்காம இருக்க முடியுமா, செய்யப் போற காரியம் அப்படி," என்றான் கமா.

டீச்சர் எழுந்து வெள்ளைச் சுவருக்குப் பக்கத்தில் போய் நின்றார். பழைய பழக்கம். யோசிக்கும்போது கரும்பலகைக்கு முன்னால் நிற்பதுபோல நிற்பார். எதுவோ ஒன்று காதில் உறுத்திக்கொண்டே இருந்தது. லூமென்ஸ் சொன்ன விஷயம் இல்லை, அதைச் சொன்ன விதம்.

"அதுக்கப்புறம் பேசினீங்களா?"

"ஒரு தடவை போன் வந்தது. முந்தாநேத்து இருக்கும். சாயங்காலம் இங்க அரை மணி நேரம் கரண்ட் போச்சே, அன்னிக்கு. எப்படியோ கேள்விப்பட்டு வெளியூர்லருந்து கூப்பிட்டாங்க. 'கரண்ட் போயிட்டுத் திரும்ப வந்தா மெஷின் தானா ஓட ஆரம்பிக்கும் இல்ல? யாரும் போய் பட்டனை அமுக்க வேண்டாம் இல்ல?'ன்னு கேட்டாங்க. இந்த மாடல் தானாவே ஓடும், கவலைப்படாதீங்கன்னேன். அழுதுட்டாங்க."

"அழுதாங்களா?" என்றார் டீச்சர்.

"ஆமா. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. நம்பரைக் கூட எழுதி வெச்சேன். அதோ, நாலாவது வரி."

டீச்சர் குனிந்து பார்த்தார். பென்சிலில் ஒரு வெளியூர் நம்பர். பக்கத்தில் அடையாளத்துக்கு ஒரே ஒரு சொல் எழுதியிருந்தது. ஜன்னல்.

கமா துள்ளி எழுந்தான். "கெடைச்சுட்டான், டீச்சர். உடனே பூட்டுக்காரருக்குப் போன் போட்டு..."

"போனைக் கீழ வை."

அந்தக் குரலைக் கமா இரண்டு வருஷத்தில் இரண்டே முறைதான் கேட்டிருக்கிறான். வைத்துவிட்டான்.

"கமா, இவரு முதலாளி சாப்பிடப் போயிருக்காருன்னு சொன்னாரா?"

"சொன்னாரு."

"டியூஷன் சென்டர்காரரு?"

"வந்தாரு, எடுத்துட்டுப் போனாருன்னாரு."

"டாக்டர்?"

"வந்தாருன்னாரு. என்ன டீச்சர், பரீட்சையா?"

"ஆம்பளைங்களையெல்லாம் வந்தாரு போனாருன்னே சொல்றாரு. இந்த ஒரு ஆளை மட்டும் வந்தாங்க, கேட்டாங்க, அழுதாங்க. ஒரு தடவைகூடத் தவறல."

"மரியாதைதான், டீச்சர்."

"முதலாளிக்கே குடுக்காத மரியாதையா?" டீச்சர் லூமென்ஸ் பக்கம் திரும்பினார். பதினெட்டு வருஷம் ஆண்பால், பெண்பால், பலர்பால் என்று பிள்ளைகளுக்கு உருப்போட வைத்த தனக்கு இதைக் கேட்க இவ்வளவு நேரமா என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. "லூமென்ஸ், வந்தது ஆணா, பெண்ணா?"

"பொண்ணுதான்," என்றார் லூமென்ஸ், வியப்போடு. "நான் சொல்லலியா? நீங்க கேக்கவே இல்லியே. பொண்ணுங்க விடுதி ஆபீஸ்லருந்து பேசறேன்னு போன்லகூடச் சொன்னாங்க."

கமா ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"சாப்பாட்டு வேளையில மட்டும் வெளிய வர முடிஞ்ச பொண்ணு," என்றார் டீச்சர் மெதுவாக. "லென்ஸ் தெரிஞ்ச பொண்ணு. வீட்டுக்கு அட்டைப் பெட்டியோட போக முடியாத பொண்ணு. தன் நிழலைத் தானே படம் புடிச்சு ஜன்னல்ல உக்கார வெச்சுட்டுப் போயிருக்கு. ஏணியை யோசிச்சுப் பாரு. மதில் சுவர்ல உள்பக்கமாச் சாத்தியிருந்தது. உள்ள வர்றவன் வெளியிலதானே சாத்துவான்?"

"அப்போ பூட்டு?"

"அதுதான் நம்ம மண்டையில உறைக்கல. வாசல்ல பூட்டினது பூட்டினபடி இருந்ததுன்னாரு. மனைவி உள்ள இருக்கறப்ப வெளியில பூட்டிட்டு அஞ்சு நாள் ஊருக்குப் போறது யாரு? எதிர் வீட்டுத் தையல்காரரை ஜன்னலைப் பாத்துட்டே இருன்னு சொன்னது யாரு? ஊர்லருந்து வந்த மனுஷன் வீட்டுக்குள்ள போகாம ஒரு மணி நேரம் கார்ல உக்காந்து ஜன்னலை எதுக்குப் பாக்கணும்?"

கமாவின் முகம் வெளிறியது. "நம்மளை வெச்சுத் தேடறாரு."

"ஆமா. அஞ்சு நாள்னு நம்பித்தான் அந்தப் பொண்ணு போயிருக்கு. இன்னிக்கு நாலாவது நாள். ஜன்னல்ல தன் நிழல் இன்னும் உக்காந்திருக்குன்னு நெனச்சுட்டு, அந்த விடுதியில நிம்மதியா இருக்கும். அவரு பாத்துட்டாருன்னு தெரியாது."

அப்போது கடையின் முன்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அதைத் தொடர்ந்து சாவிகள் ஒன்றோடொன்று உரசும் மெல்லிய ஒலி. மங்கல் கண்ணாடியில் ஒரு நிழல் விழுந்து, நிதானமாகப் பெரிதானது.

"நீ கடை பேரைச் சொன்னியா?" என்றார் டீச்சர், உதடு அசையாமல்.

"சத்தியமா இல்ல. வண்டி..." என்று கமா பாதியில் நிறுத்தினான். வண்டி யாருடையது என்பது இருவருக்கும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தது.

நம்பரை அழிக்க நேரமில்லை. "லூமென்ஸ், இருக்கறதிலேயே வெளிச்சம் அதிகமான மெஷினை அந்தச் சுவர்ல போடுங்க. வர்றவருகிட்ட, எங்ககிட்ட எப்படிப் பேசினீங்களோ அப்படியே பேசுங்க. ஒரு எழுத்தை மாத்த வேண்டாம். பொண்ணுன்னு மட்டும் சொல்ல வேண்டாம்."

லூமென்ஸ் பெரிய மெஷின் ஒன்றைத் திருப்பிப் பட்டனை அமுக்கினார். சுவர் முழுக்க நீலக் கடல் விழுந்தது. பென்சில் வரிகள் வெளிச்சத்தில் மூழ்கிப்போயின. கதவு திறந்தது.

"வண்டி ரொம்ப நேரமா இங்கயே நிக்குதேன்னு பாத்தேன்," என்றார் பூட்டு வியாபாரி.

"எங்கருந்து சார் பாத்தீங்க?" என்றான் கமா.

"போன்லதான். வண்டியில ஒரு மெஷின் வெச்சிருக்கேன். என் பொருள் எல்லாத்துலயும் ஒண்ணு வெச்சிருப்பேன்." மேஜை மேலிருந்த சின்னப் புரொஜக்டரைப் பார்த்தார். பிறகு லூமென்ஸைப் பார்த்தார். "இதை வாங்கினது யாரு?"

"கஸ்டமர்தான், சார். மூணு தடவை வந்தாங்க."

"எத்தனை பேரு?"

லூமென்ஸ் நூல்கண்டை மேஜை மேல் வைத்தார்.

"டெமோ ரூம் இருட்டு, சார். நான் எண்ணிப் பாக்கல."

"கூட்டமா வந்திருக்கானுங்க," என்று பூட்டு வியாபாரி தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "பேரு, நம்பர்?"

"பில்லுல பேர் வேண்டாம்னுட்டாங்க, சார்."

பூட்டு வியாபாரி மெதுவாக நடந்து வெளிச்சத்துக்குள் வந்தார். கடலின் நடுவே அவருடைய நிழல் கறுப்பாக எழுந்து நின்றது. நிழல் விழுந்த இடத்தில் கடல் இல்லை, வெறும் சுவர்தான் இருந்தது. அதில் பென்சில் வரிகள் மெல்லத் தெரிய ஆரம்பித்தன. முதல் வரி, இரண்டாவது, மூன்றாவது. தலையை ஒரு விரற்கடை திருப்பினால் போதும், நாலாவது வரி கண்ணில் படும்.

அவர் தன் நிழலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வலது கையைத் தூக்கி, இல்லாத கூந்தலை முடிவதுபோல விரல்களைச் சுற்றினார். "இப்படித்தான் பண்ணினா. மூணு தடவை. எனக்குத் தெரியாம அவ இவ்வளவு நேரம் எங்கயும் இருந்தது இல்ல."

"சார், கடலுக்குள்ள நிக்கறீங்க," என்றான் கமா. "பேன்ட் நனைஞ்சிடும், இந்தப் பக்கம் வந்துடுங்க."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் திரும்பினார். கடல் மறுபடி சுவரை மூடிக்கொண்டது.

"நீங்க என்ன கண்டுபிடிச்சீங்க, டீச்சர்?"

"இந்த நூல் இந்தக் கடையோட முடிஞ்சிடுது," என்று டீச்சர் பச்சை நூலைத் தொட்டுக் காட்டினார். "வாங்கினவங்க ஊரை விட்டே போயிட்டாங்க."

"அவனுங்களை விடுங்க. அவ எங்க?"

"அதைத்தான் சொல்றேன். அவங்க போயிட்டாங்க."

டீச்சர் அவர் கண்ணைப் பார்த்தே அதைச் சொன்னார். முழு உண்மை, ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. பூட்டு வியாபாரி தலையை ஆட்டினார். காலையிலிருந்து அவர் வாயில் மனைவிக்கு 'அவ' என்ற ஒரு சொல்தான் வந்திருக்கிறது. அந்தப் பெண்ணையும் யாராவது 'அவங்க' என்று சொல்வார்கள் என்பது அந்த மனிதருக்குத் தோன்றவே இல்லை.

"சாவியைக் குடு," என்று கமாவிடம் கை நீட்டினார். வாங்கிக்கொண்டு கதவருகே நின்றார். "போயிட்டு வரேன்."

எல்லோரும் சொல்லிக்கொண்டு கிளம்பும் வார்த்தைதான். அன்றைக்கு அது மூவர் காதிலும் வேறு மாதிரி விழுந்தது.

முன்கதவு மூடியதும் லூமென்ஸ் புரொஜக்டரை அணைத்து, அறை விளக்கைப் போட்டுவிட்டு நம்பரைச் சுழற்றினார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. மறுபடி போட்டார். அதே மணி. டீச்சர் நம்பரை இரண்டு முறை மனசுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, நாலாவது வரியை விரலால் தேய்த்து அழித்தார். ஜன்னல் என்ற சொல் சாம்பல் நிறமாகி மறைந்தது.

கமா கதவை ஒரு கோடு அளவு திறந்து தெருவைப் பார்த்துவிட்டு வந்தான். "கார் போகல, டீச்சர். எஞ்சினை அணைச்சுட்டு எதிர்ல உக்காந்திருக்காரு. இந்தக் கண்ணாடியைத்தான் பாத்துட்டிருக்காரு."

மூன்று பேரும் கதவைப் பார்த்தார்கள். தெருவிலிருந்து பார்த்தால், இருண்ட கடையின் கோடியில், இந்த மங்கல் கண்ணாடியில் அவர்களுடைய நிழல்கள் தெரியும். அவை அசைந்தால் அவருக்குத் தெரியும். காணாமல் போனாலும் தெரியும். நேற்று ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தவர். இன்றைக்கும் உட்காருவார்.

"நம்பர்ல ஊர்க் கோடு இருக்கு, நேர்ல போய்த்தான் அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லணும். பின்பக்கக் கதவு எங்க போகுது?" என்றார் டீச்சர்.

"சரக்கு ரூம் வழியா அடுத்த தெருவுக்கு. பஸ் ஸ்டாண்டு பக்கம்தான்," என்றார் லூமென்ஸ். அவர் குரல் கிசுகிசுப்பாகிவிட்டிருந்தது. "நான் இங்கயே இருக்கேன், டீச்சர். முதலாளி வந்தா ஏதாவது சொல்லிக்கறேன். உங்களுக்கு என்ன வேணும், சொல்லுங்க."

டீச்சர் மேஜையிலிருந்த சின்னப் புரொஜக்டரை எடுத்துக் கதவிலிருந்து சரியாக மூன்றடி தள்ளி ஸ்டூலின் மேல் வைத்தார். பச்சை நூலில் தொங்கிய மூடியை விலக்கினார். கமா கேட்காமலேயே தன் போனை எடுத்து, கண்ணாடியில் விழும் மூன்று நிழல்களையும் படம் பிடிக்க ஆரம்பித்தான்.

"இந்தப் புரொஜக்டர் வேணும்," என்றார் டீச்சர்.

லூமென்ஸுக்கு இருபத்திரண்டு வருஷப் பழக்கம், வாய் தானாகக் கேட்டுவிட்டது. "வீட்டுக்கா, ஆபீஸுக்கா?"

"ஒரு ஜன்னலுக்கு."